கடல் தாண்டுவது கணக்குதான்

சம்பளம் வந்த அன்று இரவு, வெளிநாட்டில் வேலை செய்யும் ஒருவர் கைப்பேசியை எடுக்கிறார். தொகையைக் குறித்து, கடவுச்சொல்லைத் தட்டிவிட்டுக் காத்திருக்கிறார். சிறிது நேரத்தில் வீட்டிலிருந்து "வந்துவிட்டது" என்று செய்தி வருகிறது. ஏதோ ஒன்று ஒரு கரையில் புறப்பட்டு மறு கரையில் இறங்கியதாகத்தான் இருவருமே நினைக்கிறார்கள். ஆனால் எதுவும் புறப்படவில்லை. அவர் சம்பாதித்த பணம் அந்த நாட்டிலேயே ஒரு நிறுவனத்தின் கணக்கில் கிடக்கிறது. வீட்டார் பெற்றுக்கொண்ட பணம் அவர்கள் நாட்டில் ஏற்கெனவே இருந்த பணம். இடையில் நடந்ததெல்லாம் இரண்டு பேரேடுகளில் ஆளுக்கொரு வரி எழுதியதுதான்.

பணம் நகர்வதில்லை, கணக்குதான் நகர்கிறது என்ற இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால், பணம் அனுப்பும் தொழிலில் புதிராகத் தெரிகிற பலவும் தெளிவாகிவிடும். பக்கத்து நாட்டுக்கு அனுப்பக் கூடுதலாகவும் கண்டம் தாண்டி அனுப்பக் குறைவாகவும் செலவாவது ஏன்? கட்டணமே வாங்காத நிறுவனம் எதைத் தின்று வாழ்கிறது? ஓர் அரசு தன் நாணயத்தின் மதிப்பை இறுக்கிப் பிடித்தால், வெளிநாட்டிலிருந்து வரும் பணம் ஏன் திடீரென்று வற்றுகிறது? எல்லாவற்றுக்கும் விடை அந்தப் பேரேடுகளில்தான் இருக்கிறது.

முதலில் இதன் அளவைப் பார்த்துவிடலாம். உலக வங்கியின் மதிப்பீட்டின்படி 2024இல் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளுக்குப் புலம்பெயர்ந்தோர் அனுப்பிய பணம் ஏறத்தாழ 68,500 கோடி டாலர். அந்த நாடுகளுக்கு வந்த அந்நிய நேரடி முதலீட்டையும், பணக்கார நாடுகள் கொடுத்த வளர்ச்சி உதவியையும் சேர்த்துக் கூட்டினாலும் இந்தத் தொகை அதைவிடப் பெரியது. மிக அதிகமாகப் பெறுவது இந்தியா, சுமார் 12,900 கோடி டாலர். மெக்சிகோ, சீனா, பிலிப்பைன்ஸ், பாகிஸ்தான் ஆகியவை அடுத்தடுத்து வருகின்றன. ஆனால் சார்ந்திருத்தல் என்று பார்த்தால் பட்டியல் தலைகீழாகிவிடுகிறது. தஜிகிஸ்தானிலும் டோங்காவிலும் வெளியிலிருந்து வரும் பணம் நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறது. நேபாளத்தில் அது கால் பங்கு அளவில் இருக்கிறது. இவ்வளவு பெரிய கடல், இருநூறு டாலர், முந்நூறு டாலர் என்ற துளிகளால் ஆனது. தொழிலின் சிக்கல் முழுவதும் இந்தச் சிறு தொகையில்தான் இருக்கிறது.

நம்முடையதும் உம்முடையதும்

வங்கி வழியே அனுப்பும்போது நடப்பதைப் பார்ப்போம். அனுப்புகிறவரின் வங்கிக்கும் வீட்டாரின் வங்கிக்கும் நேரடி உறவு இருப்பது அபூர்வம். ஆகவே இருவருக்கும் தெரிந்த மூன்றாவது வங்கி ஒன்று நடுவில் வருகிறது. சில சமயம் நான்காவதும் வரும். இந்த வங்கிகள் ஒன்றிடம் ஒன்று கணக்கு வைத்திருக்கின்றன. வெளிநாட்டு வங்கியில் நாம் வைத்திருக்கும் கணக்குக்கு 'நாஸ்ட்ரோ' என்றும், அவர்கள் நம்மிடம் வைத்திருக்கும் கணக்குக்கு 'வாஸ்ட்ரோ' என்றும் பெயர். இத்தாலிய மொழியில் 'நம்முடையது', 'உம்முடையது' என்று பொருள். இடைக்கால இத்தாலிய வணிகர்களின் பேரேட்டுச் சொற்கள் இன்றைய வங்கிக் கணினிக்குள்ளும் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. பணம் அனுப்புவது என்றால், ஒரு நாஸ்ட்ரோவில் கழித்து இன்னொன்றில் கூட்டுவதுதான்.

எங்கே கழிக்க வேண்டும், எங்கே கூட்ட வேண்டும் என்ற தகவலைக் கொண்டுசெல்வது ஸ்விஃப்ட். 1973இல் பெல்ஜியத்தில் வங்கிகள் சேர்ந்து தொடங்கிய இந்தக் கூட்டுறவு அமைப்பில் இன்று 200க்கும் மேற்பட்ட நாடுகளின் 11,000க்கும் அதிகமான நிறுவனங்கள் இருக்கின்றன. 'ஸ்விஃப்டில் பணம் போட்டேன்' என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. ஸ்விஃப்டிடம் பணமே கிடையாது. அது கடிதத்தைச் சேர்க்கும் தபால்காரர். கடிதத்தைப் படித்து நடவடிக்கை எடுப்பதும், எடுக்காமல் மேசையில் வைத்திருப்பதும் வங்கிகளின் கையில் இருக்கிறது.

தாமதத்துக்கும் வெட்டுக்கும் காரணம் இங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வோர் இடைநிலை வங்கியும் தன் கூலியை எடுத்துக்கொண்டே அடுத்த வங்கிக்குத் தகவலைத் தள்ளுகிறது. வங்கிப் படிவத்தில் 'கட்டணம் யாருடையது' என்று ஒரு கட்டம் இருக்கும். அனுப்புகிறவரே முழுவதும் ஏற்பது, இருவரும் பகிர்வது, பெறுகிறவர் ஏற்பது என மூன்று வழிகள் உண்டு. பலர் இதைக் கவனிக்காமல் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். பிறகு, அனுப்பியது ஒரு தொகை, வந்தது ஒரு தொகை என்று வீட்டில் குழப்பம் வருகிறது. பள்ளிக் கட்டணத்துக்கென்று கணக்காக அனுப்பிய பணம் பதினைந்து, இருபது டாலர் குறைந்து சேர்ந்தால், அந்தக் குறைவுக்காக இன்னொரு முறை அனுப்ப வேண்டும். அதற்கும் ஒரு கட்டணம் உண்டு.

கிழமையும் குறுக்கே நிற்கும். ஒரு நாட்டில் வெள்ளி, சனி விடுமுறை. இன்னொரு நாட்டில் சனி, ஞாயிறு. வியாழன் மாலை கொடுத்த உத்தரவு, இரு நாட்டு விடுமுறைகளையும் கடந்து திங்கட்கிழமைதான் கண் விழிக்கும். அப்படியானால் கைப்பேசிச் செயலிகள் மட்டும் எப்படி நிமிடங்களில் சேர்க்கின்றன? அவை சேர்ப்பதில்லை, முன்பணம் கொடுக்கின்றன. பெறும் நாட்டில் ஒரு பெருந்தொகையை முன்கூட்டியே போட்டு வைத்து, உத்தரவு வந்ததும் அதிலிருந்து எடுத்துக் கொடுக்கின்றன. உண்மையான கணக்குத் தீர்ப்பு பின்னால் மெதுவாக நடக்கிறது. அப்படி முன்கூட்டிப் போட்டு முடங்கிக் கிடக்கும் முதலுக்கு உரிய வட்டியும் நாம் கொடுக்கும் விலைக்குள் அடங்கியிருக்கிறது.

இது புதிய தந்திரமும் அல்ல. வெஸ்டர்ன் யூனியன் 1871இல் தந்தி வழியே பணம் அனுப்பத் தொடங்கியபோது செய்ததும் இதுதான். கம்பியில் போனது செய்தி. பணத்தைக் கொடுத்தது மறுமுனை அலுவலகத்தின் கல்லாப்பெட்டி. அந்த நிறுவனம் 2006இல் தந்திச் சேவையை மூடிவிட்டது. பணச் சேவை மட்டும் நிற்கிறது.

இலவசத்தின் விலை

பணம் அனுப்புவதில் இரண்டு விலைகள் உண்டு. ஒன்று பலகையில் எழுதியிருக்கும் கட்டணம். மற்றொன்று நாணய மாற்று விகிதத்துக்குள் ஒளிந்திருப்பது. வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் சந்தை விகிதம் ஒன்று இருக்கிறது. நமக்குத் தரப்படுவது அதைவிடச் சற்றுக் குறைந்த விகிதம். இந்த இடைவெளி எந்த ரசீதிலும் 'கட்டணம்' என்ற பெயரில் வராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சந்தையில் ஒரு டாலருக்கு வீட்டு நாணயத்தில் சரியாக 100 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நிறுவனம் ஐந்து டாலர் கட்டணம் வாங்கி, 99.50 என்ற விகிதம் தருகிறது. இரண்டாவது நிறுவனம் கட்டணமே இல்லை என்று விளம்பரம் செய்து, 96 என்ற விகிதம் தருகிறது. 200 டாலர் அனுப்பினால், முதல் நிறுவனத்தின் வழியே வீட்டில் கிடைப்பது 19,402.50. 'இலவச' நிறுவனத்தில் 19,200. வித்தியாசம் சிறிதுதான். அதே ஆள் 1,000 டாலர் அனுப்பினால், முதலாவதில் 99,002.50, இரண்டாவதில் 96,000. இலவசத்துக்கு மூவாயிரம் விலை! நிலையான கட்டணம் தொகை பெருகப் பெருகக் கரைந்துபோகிறது. விகிதத்தில் வைத்த வெட்டு தொகையோடு சேர்ந்து வளர்கிறது. ஆகவே இரண்டு இடங்களை ஒப்பிடும்போது கேட்க வேண்டியது "கட்டணம் எவ்வளவு" என்பதல்ல. "நான் இவ்வளவு கொடுத்தால் வீட்டில் கையில் எவ்வளவு கிடைக்கும்" என்பதே கேள்வி. இந்த எண்ணை முன்கூட்டிச் சொல்லியாக வேண்டும் என்று அமெரிக்காவில் 2013 முதல் விதி இருக்கிறது. அனுப்பிய அரை மணி நேரத்துக்குள் மனம் மாறினால் ரத்து செய்யும் உரிமையும் அந்த விதியில் அடங்கும்.

இந்த இரண்டு விலைகளையும் சேர்த்து உலக வங்கி தொடர்ந்து அளந்து வருகிறது. 200 டாலர் அனுப்ப உலகச் சராசரி இன்னும் 6 சதவீதத்துக்கு மேலேதான் நிற்கிறது. 2009இல் இத்தாலியின் லாக்விலா நகரில் கூடிய ஜி8 என்ற எட்டுப் பெரிய நாடுகளின் தலைவர்கள், அன்று 10 சதவீத அளவில் இருந்த செலவை ஐந்தாண்டுகளில் 5 சதவீதமாக்குவோம் என்றார்கள். பதினைந்து ஆண்டுகள் கடந்தும் அந்த 5 வரவில்லை. இப்போது ஐக்கிய நாடுகள் சபையின் வளர்ச்சி இலக்குகளில் 2030க்குள் 3 சதவீதம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வாக்குறுதி கொடுக்கக் கட்டணம் கிடையாது அல்லவா!

செலவு எங்கே அதிகம் என்று பார்த்தால், தூரத்துக்கும் விலைக்கும் சம்பந்தமில்லை என்பது தெரியும். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளுக்கு அனுப்புவதுதான் உலகிலேயே விலை கூடியது. அதிலும் தென்னாப்பிரிக்காவிலிருந்து எல்லைக்கு அப்பால் உள்ள அண்டை நாடுகளுக்கு அனுப்ப, வளைகுடாவிலிருந்து தெற்காசியாவுக்கு அனுப்புவதைப் போலப் பல மடங்கு ஆகும். வளைகுடா வழித்தடத்தில் லட்சக்கணக்கானோர் மாதந்தோறும் அனுப்புகிறார்கள். தெருவுக்கு நான்கு பண மாற்று நிலையங்கள் போட்டி போடுகின்றன. ஆள் குறைந்த, போட்டி இல்லாத வழித்தடத்தில் ஒன்றிரண்டு நிறுவனங்கள் விலையைத் தம் விருப்பப்படி வைக்கின்றன. சில நாடுகளில் ஒரு பெரிய நிறுவனம் அஞ்சலகங்களோடும் வங்கிகளோடும் 'வேறு எவருக்கும் இடம் தரக்கூடாது' என்று ஒப்பந்தம் போட்டு வைத்துக்கொண்ட காலமும் உண்டு. கிராமத்தில் பணம் கொடுக்கும் ஒரே ஜன்னல் அஞ்சலகம் என்றால், அந்த ஜன்னலைக் குத்தகைக்கு எடுத்தவர் சொன்னதே விலை.

வழிகளுக்குள் மிக விலை கூடியது வங்கிதான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். சிறு தொகையைப் பெரிய இயந்திரத்தில் போட்டு அரைக்கும் செலவு அது. கைப்பேசி வழிச் சேவைகள் அதில் பாதிக்கும் குறைவான செலவில் முடித்துவிடுகின்றன.

உண்டியலும் செயலியும்

உண்டியல் என்றதும் இன்று பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது காணிக்கைப் பெட்டி. பழைய தமிழ் அகராதிகளைப் புரட்டினால் அந்தச் சொல்லுக்குப் பணமாற்றுச் சீட்டு என்ற பொருளும் இருக்கிறது. வட இந்திய வணிகர்களின் 'ஹுண்டி'தான் அது. இலங்கைத் தமிழில் இன்றும் 'உண்டியலில் அனுப்பினேன்' என்றால், வங்கியைத் தொடாமல் அனுப்பியதாகவே அர்த்தம். அரபு உலகில் இதற்குப் பெயர் ஹவாலா.

வேலை செய்யும் நாட்டில் ஒரு தரகரிடம் பணத்தைக் கொடுக்கிறோம். அவர் நம் நாட்டில் உள்ள தன் கூட்டாளிக்குச் சொல்கிறார். கூட்டாளி தன் கையிலிருந்து எடுத்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். இப்போது முதல் தரகர் இரண்டாமவருக்குக் கடன்பட்டிருக்கிறார். எதிர்த்திசையில் பணம் அனுப்ப விரும்பும் இன்னொருவர் வரும்போது அந்தக் கடன் கழிகிறது. அல்லது சரக்கு இறக்குமதியில் விலையைக் கூட்டிக் குறைத்து ஈடுகட்டப்படுகிறது. படிவமோ வரிசையோ கிடையாது. சில சமயம் வங்கி கொடுப்பதைவிட நல்ல விகிதமும் கிடைக்கும். ஏமாற்றப்பட்டால் முறையிட ஓர் இடமும் கிடையாது.

இதோடு ஒரு கதையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். எஸ்தோனியாவைச் சேர்ந்த இரண்டு நண்பர்கள் லண்டனில் வாழ்ந்தார்கள். டாவெட் ஹின்ரிகஸுக்குச் சம்பளம் யூரோவில் வந்தது, செலவு பவுண்டில் இருந்தது. கிறிஸ்டோ கார்மனுக்குச் சம்பளம் பவுண்டில், ஆனால் எஸ்தோனியாவில் வீட்டுக் கடன் கட்ட வேண்டியிருந்தது. இருவரும் வங்கிக்குக் கட்டணம் அழுது சலித்து, மாதந்தோறும் சந்தை விகிதத்தைப் பார்த்துத் தங்களுக்குள்ளேயே மாற்றிக்கொண்டார்கள். இவர் அவருடைய எஸ்தோனியக் கணக்கில் யூரோ போட்டார். அவர் இவருடைய லண்டன் கணக்கில் பவுண்டு போட்டார். எல்லையைத் தாண்டி ஒரு காசும் போகவில்லை. 2011இல் இதையே ஒரு நிறுவனமாக்கினார்கள். இன்று 'வைஸ்' என்று அறியப்படுவது அதுதான்.

உண்டியல்காரருக்கும் இந்தச் செயலிக்கும் அடிப்படைக் கணக்கில் வேற்றுமை இல்லை என்பதே என் கருத்து. இரண்டும் எதிரெதிர்த் திசையில் வரும் தேவைகளைப் பொருத்திவிட்டு, மீதியை மட்டும் தீர்க்கின்றன. ஒன்றுக்கு உரிமம் இருக்கிறது, அடையாளம் கேட்கிறது, அரசுக்குக் கணக்குக் காட்டுகிறது. மற்றது எதையும் கேட்பதில்லை. அந்த வேற்றுமை சிறியதல்ல, அரசின் பார்வையில் அதுதான் எல்லாம்.

ஏனென்றால், உண்டியலில் போகும் பணம் குடும்பத்துக்குச் சேர்ந்துவிடுகிறது. ஆனால் அந்த டாலர் நாட்டுக்கு வருவதில்லை. அது தரகரிடமே வெளிநாட்டில் தங்கிவிடுகிறது. வரி ஏய்ப்பவரோ கடத்தல்காரரோ அதை வாங்கிக்கொள்ளலாம். எண்ணெயும் மருந்தும் இறக்குமதி செய்ய டாலர் தேடி அலையும் மத்திய வங்கிக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

இதை மிகக் கசப்பாகக் கற்றுக்கொண்ட நாடு இலங்கை. 2020இல் அந்த நாட்டுத் தொழிலாளர் முறையான வழியில் அனுப்பியது சுமார் 710 கோடி டாலர். 2021இல் அது 550 கோடி அளவுக்கு இறங்கியது. 2022இல் 380 கோடிக்கும் கீழே போனது. தொழிலாளர்கள் வீட்டை மறந்துவிடவில்லை. மத்திய வங்கி ஒரு டாலருக்கு 203 ரூபாய் அளவில் விகிதத்தைப் பிடித்து வைத்திருந்தபோது, உண்டியல்காரர்கள் பல பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்தார்கள். பாலைவன வெயிலில் நின்று சம்பாதித்தவருக்கு, ஒவ்வொரு டாலரிலும் அந்த வித்தியாசத்தை நாட்டுப்பற்றின் பெயரால் விட்டுக்கொடுக்கச் சொன்னது அரசின் அறிவிப்பு. அவர் கணக்குத் தெரிந்தவர். 2022 மார்ச்சில் பிடியைத் தளர்த்தியதும் ரூபாய் சரிந்து, மே மாதத்துக்குள் ஒரு டாலர் 360 அளவுக்குப் போனது. ஏப்ரலிலேயே நாடு வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்திவைப்பதாக அறிவித்துவிட்டது. இரண்டு விகிதங்களுக்கு இடையே இருந்த இடைவெளி அடைபட்டதும், 2023இல் முறையான வழியில் வந்த பணம் மீண்டும் 600 கோடியை நெருங்கியது.

வேறு சில அரசுகள் தூண்டிலைப் போட்டன. வங்கதேசம் 2019 முதல் முறையான வழியில் வரும் பணத்துக்கு 2 சதவீதம் ஊக்கத்தொகை கொடுத்தது. 2022இல் அதை 2.5 ஆக்கியது. கட்டாயப்படுத்திய அரசுகளும் உண்டு. பிலிப்பைன்ஸில் மார்க்கோஸ் ஆட்சி 1980களின் தொடக்கத்தில், வெளிநாட்டுத் தொழிலாளர் சம்பளத்தில் பெரும்பகுதியை வங்கி வழியே அனுப்பியாக வேண்டும், இல்லாவிட்டால் பாஸ்போர்ட் புதுப்பிக்கப்படாது என்று ஆணை போட்டது. எதிர்ப்பு வலுத்து, சில ஆண்டுகளில் தண்டனைப் பகுதியைக் கைவிட நேர்ந்தது. அதற்கும் முன்னால், 1942 முதல் அமெரிக்கப் பண்ணைகளில் வேலை செய்யப்போன மெக்சிகோ தொழிலாளர்களின் கூலியில் 10 சதவீதத்தைப் பிடித்து, 'சேமிப்பு நிதி' என்று மெக்சிகோவுக்கு அனுப்பினார்கள். திரும்பிப்போன பலருக்கு அந்தப் பணம் கிடைக்கவே இல்லை. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் முதியவர்கள் அதற்காகப் போராட வேண்டியிருந்தது.

சந்தேகத்தின் விலை

பேரேட்டை அரசு பார்க்க விரும்புவதற்கு இன்னொரு காரணம் பயங்கரவாதம், கள்ளப்பணம். 1989இல் பாரிசைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த நிதி நடவடிக்கைப் பணிக்குழு என்ற பன்னாட்டு அமைப்பின் விதிகளைத்தான் உலகெங்கும் உள்ள வங்கிகள் பின்பற்றுகின்றன. பெயர், முகவரி, பணம் வந்த வழி, அனுப்பும் காரணம் என்று செயலிகள் துருவித் துருவிக் கேட்பதன் வேர் அங்கே இருக்கிறது. தடைப் பட்டியலில் உள்ள ஒருவரின் பெயரோடு உங்கள் பெயர் ஒத்துப்போனால் பணம் நடுவழியில் நின்றுவிடும். ஒரே பெயரை ஆயிரம் பேர் தாங்கும் சமூகங்களில் இது அன்றாடத் தொல்லை. ஆவணத்துக்கு ஆவணம் தந்தை பெயரும் முதலெழுத்தும் இடம் மாறி நிற்பவர்களுக்கும் இதே கதிதான்.

2001 நவம்பரில் அமெரிக்கா, சோமாலியாவின் மிகப்பெரிய பணம் அனுப்பும் நிறுவனமான அல் பரக்காத்தை முடக்கியது. அன்று சோமாலியாவில் செயல்படும் வங்கித்துறையே கிடையாது. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில்தான் குடும்பங்கள் அடுப்பெரித்தன. செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த ஆணையத்தின் அலுவலர்கள், அந்த நிறுவனம் அல் காய்தாவுக்கு நிதி கொடுத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்று பின்னாளில் எழுதினார்கள். அதற்குள் நிறுவனம் அழிந்திருந்தது. 2013இல் பிரிட்டனின் பார்க்லேஸ் வங்கி, பணம் அனுப்பும் சிறு நிறுவனங்களின் கணக்குகளை மூட முடிவெடுத்தபோது சோமாலியர்களுக்கு அதே அச்சம் திரும்ப வந்தது. வங்கிகளைப் பொறுத்தவரை இது எளிய கணக்கு. இந்த நிறுவனங்களால் வரும் லாபம் சொற்பம், தவறு நேர்ந்தால் அபராதம் மலையளவு. ஆகவே கதவைச் சாத்திவிடுகின்றன. சாத்திய கதவுக்கு வெளியே நிற்பவர்கள் மறுபடி உண்டியலுக்குத்தான் போகிறார்கள். எதைத் தடுக்க விதி வந்ததோ, அதையே விதி வளர்த்துவிடுகிறது.

வீட்டுக்குள் போன பிறகு

இவ்வளவு இடைஞ்சலையும் தாண்டி மனிதர்கள் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். 2020 ஏப்ரலில், கொரோனாவால் இந்தப் பணம் ஏறத்தாழ 20 சதவீதம் விழும் என்று உலக வங்கி கணித்தது. விழுந்தது 2 சதவீத அளவில்தான். தாம் பட்டினி கிடந்தாவது அனுப்பினார்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. விமானங்கள் நின்றதால், பையில் கொண்டுவந்த பணமும் ஊருக்குப் போகும் நண்பரிடம் கொடுத்தனுப்பிய பணமும் அந்த ஆண்டு வங்கிக்கும் செயலிக்கும் வந்து சேர்ந்தன. அதனால் புள்ளிவிவரத்தில் முதன்முறையாகக் கண்ணில் பட்டன. வெளிநாட்டுப் பணம் கூடியது, குறைந்தது என்று செய்தி வரும்போதெல்லாம், கூடியது பணமா அல்லது கணக்கில் தெரியும் பங்கா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டு நாணயம் விழும்போது அனுப்புகிறவருக்கு ஒரு விநோத மகிழ்ச்சி வருகிறது. அதே சம்பளத்துக்குக் கூடுதல் தொகை போய்ச் சேரும். 1997 ஆசிய நிதி நெருக்கடியில் பிலிப்பைன்ஸ் பெசோ சரிந்தபோது நடந்ததைப் பொருளியலாளர் டீன் யாங் ஆராய்ந்தார். வெவ்வேறு நாடுகளில் வேலை செய்தவர்களுக்கு வெவ்வேறு அளவில் ஆதாயம் கிடைத்திருந்தது. கூடுதல் ஆதாயம் கிடைத்த குடும்பங்களில் பிள்ளைகள் அதிகம் பள்ளிக்குப் போனார்கள், சிறுவர் வேலை குறைந்தது, சிறுதொழில்களில் உழைப்பு கூடியது. வெளிநாட்டுப் பணம் எல்லாம் கல்யாணத்திலும் கட்டடத்திலும் கரைகிறது என்ற ஏளனத்துக்கு இந்த முடிவு நல்ல மறுமொழி.

அனுப்புவது வெறும் பாசமா? ஓடெட் ஸ்டார்க்கும் ராபர்ட் லூகாஸும் 1985இல் போட்ஸ்வானா குடும்பங்களை வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். பாசத்தோடு சொத்துரிமையும், கெட்ட காலத்துக்கு ஒருவரையொருவர் தாங்கும் சொல்லாத ஒப்பந்தமும் கலந்திருப்பதாக எழுதினார்கள். இதைச் சொல்லப் பேராசிரியர் தேவையா என்று வெளிநாட்டில் இருப்பவர் எவரும் சிரிப்பார். பணம் அனுப்புகிறவர்தான் வீட்டில் பேசப்படுகிறார், நிறுத்தியவர் விசாரிக்கப்படுகிறார். முதல் ஓராண்டு அனுப்பும் பணம் பெரும்பாலும் வீட்டுக்கே போவதில்லை. வேலைக்கு ஆளெடுத்த தரகருக்குக் கொடுக்க வாங்கிய கடனுக்குப் போகிறது. அந்தத் தொகையும் புள்ளிவிவரத்தில் 'குடும்பத்துக்கு அனுப்பியது' என்றே ஏறுகிறது.

அனுப்பிய பிறகு அதன்மேல் தனக்கு ஒரு பிடியும் இல்லை என்பது அனுப்புகிறவரின் நீங்காத மனக்குறை. வாஷிங்டன் வட்டாரத்தில் வேலை செய்த எல்சல்வடோர் தொழிலாளர்களிடம் ஒரு குழு இதைச் சோதித்துப் பார்த்தது. அதிலும் டீன் யாங் இருந்தார். சொந்த நாட்டில் தங்கள் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கும் வாய்ப்பைச் சிலருக்குக் கொடுத்தார்கள். அந்தப் பிடி கிடைத்தவர்கள் தெளிவாகக் கூடுதலாகச் சேமித்தார்கள். 'சம்பாதிக்கிறவருக்குச் சேமிக்கத் தெரியவில்லை' என்று சொல்லப்பட்டதில் பாதி, கணக்கு யார் பெயரில் இருந்தது என்பதைப் பொறுத்த விஷயம்.

கடைசிக் காதத்தில் நிறைய மாறியிருக்கிறது. கென்யாவில் 2007இல் தொடங்கிய எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவை, வங்கிக் கிளை இல்லாத இடத்தில் மூலைக்கடைக்காரரையே காசாளர் ஆக்கியது. 2023 பிப்ரவரியில் இந்தியாவின் யுபிஐ, சிங்கப்பூரின் பேநவ் என்ற உடனடிப் பணப்பரிமாற்ற அமைப்புகள் இரண்டும் இணைக்கப்பட்டு, கைப்பேசி எண்ணை வைத்தே இரு நாடுகளுக்கிடையே பணம் அனுப்ப வழி வந்தது. இரண்டு நாடுகளின் பேரேடுகளை நடுவில் ஆளில்லாமல் நேராகக் கட்டும் முயற்சி இது. விலையைக் குறைக்க நான் அறிந்தவற்றில் மிக நம்பிக்கையானது இந்த வழிதான்.

ஆனால் இதற்கெல்லாம் முதலில் ஒரு கணக்கு வேண்டும். 2025இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில், குடியுரிமை இல்லாதவர்கள் வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு 5 சதவீதம் வரி என்று பேச்சு தொடங்கி, அது 3.5 ஆகி, கடைசியில் 1 சதவீதத்தில் நின்றது. 2026 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள அந்த வரி எல்லோருக்கும் பொது என்கிறது சட்டம். அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்தோ, அங்கே வழங்கப்பட்ட டெபிட், கிரெடிட் அட்டை வழியாகவோ அனுப்பினால் அது கிடையாது. ரொக்கமோ மணி ஆர்டர் போன்ற தாள் ஆவணமோ எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வருகிறவரிடம் மட்டும் பிடிக்கப்படும்.